விலகி நின்ற ஏழு புள்ளிகள்

பிப்ரவரி 9, திங்கள்

பால் சோதிக்கும் மிஷின் வந்து இறங்கியது. நான்கு பேர் தூக்கினார்கள். வேன் ஓட்டும் சடையப்பன் அண்ணன் தேங்காய் சுற்றி உடைத்து, மூடியின்மேல் சந்தனப் பொட்டு வைத்தார். பொருத்த வந்த பொறியாளர் பதறிப்போய்த் துடைத்தார். பொட்டு இருந்த இடம் இன்னும் லேசாக மஞ்சள்.

அகச்சிவப்பு ஒளி பாலுக்குள் போகிறது. கொழுப்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது, புரதம் தனக்கு வேண்டியதை, சர்க்கரை தனக்கு. மிஞ்சி வெளியே வருவதை மிஷின் ஒரு கோடாக வரைகிறது. மேடு, பள்ளம், மேடு. முதுகலையில் இரண்டு ஆண்டுகள் இந்தக் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எந்தக் கோட்டுக்கும் வீடு கிடையாது.

பொறியாளர் கிளம்பும்போது சொன்னது:

"இதுக்குப் பால்னா என்னன்னு தெரியாதுங்க மேடம். நீங்கதான் காட்டணும். நூத்தியிருபது சாம்பிள் காட்டி, இதுதான் பால்னு சொல்லிட்டீங்கன்னா, அதுக்கு ஒத்து வராததை எல்லாம் சிவப்புல காட்டும். அதனால கறக்கற எடத்துலயே நின்னு, மடியில இருந்து வர்றதை நீங்களே பிடிங்க. கேன்ல இருந்து எடுத்துடாதீங்க."

தலையாட்டினேன்.

பிப்ரவரி 11, புதன்

விடியும் முன் வேலாங்காடு. இந்தக் குளிரூட்டும் நிலையத்துக்குப் பால் ஊற்றுகிற நூற்றிருபது பேரும் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில்தான் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு சோளக்காடு. பால் அட்டை எண் ஒன்றிலிருந்து வரிசையாகப் போகத் திட்டம்.

முதல் வீட்டில் மாடு என்னைப் பார்த்தது. பாலை விடவில்லை.

"புது ஆளைக் கண்டா அடக்கிக்குமுங் மேடம். சித்தெ நில்லுங்."

நின்றேன். கறப்பவர் மடியை நீவினார், மாட்டிடம் ஏதோ பேசினார், என்னைப் பார்த்தார். மாடும் பார்த்தது. கையில் பாட்டிலுடன் ஒரு மாட்டுக் கட்டுத்தரையில் நிற்பதற்கு எந்தப் பாடத்திலும் பயிற்சி தரப்படவில்லை. மூன்றாவது வீட்டில் கன்றுக்குட்டி துப்பட்டாவின் நுனியைச் சப்பிவிட்டது. ஐந்தாவது வீட்டில் சாணியில் கால் வைத்தேன். அந்த வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காலை முழுவதும் போய், ஆறு வீடு.

பிப்ரவரி 12, வியாழன்

சளி. துவைத்த துணி காயவில்லை.

பிப்ரவரி 14, சனி

நூற்றிருபதும் முடிந்தது. சடையப்பன் அண்ணனின் உதவி பெரிது.

பிப்ரவரி 16, திங்கள்

மாதிரிகளை எல்லாம் மிஷினுக்குக் காட்டினேன். திரையில் ஒவ்வொரு பாலும் ஒரு புள்ளி. ஒன்றையொன்று ஒத்தவை அருகருகே நிற்கும். நூற்றுப் பதின்மூன்று புள்ளிகள் தேனடையில் ஈ மொய்ப்பதுபோல் ஒட்டி நின்றன. ஏழு மட்டும் தள்ளி, தனியாக.

மென்பொருள் கேட்டது: விலகி நிற்பவற்றை நீக்கவா?

எண்களைப் பார்க்க நேரமில்லை. மேலாளர் திருமூர்த்தி சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நீக்கினேன்.

"அழகா இருக்கேம்மா" என்றார் சார். உண்மையில் அழகாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

விதிமுறையை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை, ஒவ்வொருவர் பாலும் தனித்தனியாகச் சோதிக்கப்படும். சிவப்பு வந்தால் அந்த வாரம் முழுவதும் அவர் பாலை வேன் எடுக்காது. தொடர்ந்து நான்காம் முறை வந்தால் அட்டை நிறுத்தம்.

சடையப்பன் அண்ணன் படித்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல கூட மூணு தடவதானுங் பெயிலு" என்றார்.

பிப்ரவரி 23, திங்கள்

முதல் சோதனை. நூற்றுப் பத்தொன்பது பச்சை. ஒரு சிவப்பு.

அட்டை எண் 47. சாமியாத்தாள், வேலாங்காடு பிரிவு.

மகிழ்ச்சியாக இருந்தது. மிஷின் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சிவப்பாவது வேண்டும்.

பிப்ரவரி 26, வியாழன்

சடையப்பன் அண்ணன் சொன்ன வேலாங்காட்டுச் செய்தி. வேன் நிற்கும் இடத்தில் எல்லோரும் பால் போசியோடு வரிசையில் நிற்க, சாமியாத்தாள் வெறுங்கையோடு தன் வாசலில் நின்றாராம். யாரோ சொல்லியிருக்கிறார்கள்: "ஏனுங்க்கா, மிஷினுக்கே உங்க பாலு வேண்டாமாமா? கெணத்துல தண்ணி எச்சா ஊறுதாட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்களாம். அண்ணனும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

மார்ச் 2, திங்கள்

47 மறுபடி சிவப்பு.

மதியம் அவரே வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். செருப்பை வெளியில் விட்டும், சோதனை அறையின் தரையில் கால் வைக்கவில்லை.

"உள்ள வாங்கக்கா."

"காலு மண்ணுங் அம்மிணி. இங்கயே நிக்கறேன்." கண்ணாடிக் கதவுக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். "அதுதானுங்களா மிசினு?"

"அதுதாங்க்கா."

"இத்தனூண்டுதான் இருக்குது. ஊரு பேசறதப் பாத்து நெல்லு அறுக்கற வண்டியாட்ட இருக்கும்னு நெனச்சேன்."

பிறகு குரல் இறங்கியது.

"நானு தண்ணி ஊத்தறதில்லீங். மாவு கீவு ஒண்ணும் போடறதில்லீங். கறந்த சூடு ஆறாம கொண்டாந்து ஊத்தறேன்."

"தண்ணின்னு அது சொல்லலக்கா. வழக்கமான பால் மாதிரி இல்லைன்னு சொல்லுது."

"வளக்கமான பாலு இல்லீன்னா வேற என்னங் பாலு?"

அவரே ஒரு பதிலைத் தேடினார்.

"மாட்டுக்கு ஏதாச்சும் சீக்குங்களா அம்மிணி? ரெண்டு மாடு நிக்குது. செவலைக்குத்தான் வயசாச்சு. போன மாசம் ரெண்டு நாளு தீனி எடுக்காம நின்னுச்சு."

"இருக்கலாங்க்கா."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். ஒரு பெரிய டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல. கும்பிட்டுவிட்டுப் போனார்.

அறிவியலில் அது தவறான விடை அல்ல. எதுவும் இருக்கலாம்.

மார்ச் 5, வியாழன்

அறையில் சிலிண்டர் தீர்ந்தது. வரக்காப்பிகூட இல்லை. மிஷினின் குழாயைக் கழுவும் திரவம் இன்னும் இரண்டு வாரத்துக்கு வரும்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா கரூரிலிருந்து பேசினாள். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். இங்கே யாரிடமும் தவறு செய்ய வாய்ப்பில்லை, எல்லாவற்றையும் மிஷினே சொல்லிவிடும் என்றேன். அப்படியானால் உனக்கு எதற்குச் சம்பளம் என்று சிரித்தாள்.

மார்ச் 9, திங்கள்

47 சிவப்பு. மூன்றாவது முறை.

பாட்டில்களை இறக்கி வைத்துக்கொண்டே சடையப்பன் அண்ணன் சொன்னார்:

"அந்தக்கா செவலைய ஓட்டி உட்டுடுச்சுங் மேடம். நேத்து சந்தையில."

"எதுக்கு?"

"நீங்கதான் சீக்குன்னு சொன்னீங்களாமா."

நான் அப்படிச் சொல்லவில்லை. அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பிடீங்களா" என்றார்.

செவலை போய்விட்டது. மிச்சம் இருக்கும் ஒரு மாட்டின் பால்தான் இன்று வந்தது. அதுவும் சிவப்பு. ஆகவே மாடு அல்ல.

மார்ச் 10, செவ்வாய்

இன்று செய்த வேலைகள்: தேநீர். கண்ணாடி துடைத்தல். 47-இன் கோட்டைத் திறந்தது.

கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. புரதம் இருக்கிறது. சர்க்கரை இருக்கிறது. பாடப் புத்தகத்தில் அச்சடித்த பால் மாதிரி இருக்கிறது. மற்றவர்களுடைய கோடுகளை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு இடத்தில் அவர்கள் எல்லோருக்கும் ஒரு சின்னத் திமில் இருக்கிறது. 47-க்கு இல்லை.

இருப்பதைத் தேடத்தான் நான் படித்திருக்கிறேன். இவரிடம் ஒன்று இல்லாமல் இருக்கிறது.

அந்த இடத்தில் கார்பனேட் வரும்.

பிறகு நீக்கிய ஏழு கோடுகளைக் கிடப்பில் போட்ட கோப்பிலிருந்து எடுத்தேன். ஏழும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. ஒரே கோடு வரைந்ததுபோல. ஏழிலும் திமில் இல்லை.

கணினியை அணைத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

மிஷின் வருவதற்கு முன்பு இங்கே பயன்படுத்திய மருந்துகள் பின்னறை அலமாரியில் இருக்கின்றன. ரோசாலிக் அமிலத்தின் மூடி இறுகிப் போயிருந்தது. பாலில் சோடா இருந்தால் ரோஜா நிறம் காட்டும். இல்லாவிட்டால் மங்கிய பழுப்பு. அவ்வளவுதான். மின்சாரம்கூட வேண்டாம்.

திங்கட்கிழமைப் பாட்டில்களில் மீந்ததைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தேன். கைக்கு வந்த பன்னிரண்டு பாட்டில்கள், கூட 47. சோதனைக் குழாய்த் தாங்கியில் வரிசையாக நிறுத்தி, மருந்து விட்டேன்.

ரோஜா. ரோஜா. ரோஜா. ரோஜா. கல்யாண மண்டப வாசலில் சீரியல் பல்பு போட்டதுபோல் வரிசையாக. கடைசிக் குழாய் மட்டும் பழுப்பு. அழுக்குத் தண்ணீர் மாதிரி. முன்பின் தெரியாதவர் பார்த்தால் அதைத்தான் கெட்ட பால் என்பார்.

கழுவி வைத்தேன். விரல் நகத்தின் ஓரத்தில் ரோஜா நிறம் போகவில்லை.

மார்ச் 12, வியாழன்

சடையப்பன் அண்ணனைத் தனியாகக் கேட்டேன். மறைக்கவே இல்லை.

"ஆப்பச் சோடாதானுங். ஒரு சிட்டிகை. மாசி வெயிலு இந்தப் போடு போடுது, கொழாய் பதிக்கறேன்னு ரோட்ட வேற தோண்டிப் போட்டிருக்கான். வேனு வந்து சேர வரைக்கும் பாலு திரியாம நிக்கோணுமில்லீங்?"

"எல்லாருமா?"

"அல்லாரும்தானுங். இதென்ன கலப்படமுங்களா? கலப்படம்னா தண்ணி ஊத்தறது. இது பாலுக்கு மருந்து குடுக்கற மாதிரிங்."

"சாமியாத்தாக்கா?"

யோசித்தார்.

"அந்தக்காவுக்கு எதுக்குங்? வேனு நிக்கறதே அவங்க வாசல்லதானே. ஆரன் சத்தம் கேட்டப்பொறவு கறக்க உக்காரும். நொரையோட கொண்டாந்து ஊத்தும். நானே கிண்டல் பண்ணுவேன், உங்களுக்காகத்தான் பத்து நிமிசம் லேட்டுன்னு." சட்டென்று நிறுத்தினார். "மேடம்... பொட்டு வெச்சவன் நானு. மொதல்ல என்னையவே மாட்டி உட்டுறாதீங்."

சாமியாத்தாள் நேர்மையானவர் என்பதால் அல்ல. வீடு ரோட்டோரம் என்பதால். அவ்வளவுதான் வித்தியாசம். இதை எழுதும்போது ஒரு சின்ன ஆறுதல் வருவதைக் கவனிக்கிறேன். எதற்கு ஆறுதல் என்று தெரியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

திருமூர்த்தி சாரிடம் சொல்லப் போனேன். வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்:

"மிருதுளா, தலைமை அலுவலகத்துல நம்ம சென்டரைப் பத்தித்தான் பேச்சு. நூத்தியிருபது பேர்ல ஒரே ஒருத்தர்தான் தப்பு. மத்தவங்க எல்லாம் மிஷினைப் பாத்தே பயந்து ஒழுங்காயிட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். வர்ற திங்கக்கிழமையும் அந்த அம்மாவுக்குச் சிவப்பு வந்தா அட்டையை நிறுத்திடலாம். ஒண்ணை நிறுத்தினாத்தான் ஊருக்கு உறைக்கும்."

"சார், அவங்க பால்..."

"சொல்லும்மா."

"ஒருதடவை மறுபடி பாக்கறேன் சார்."

"பாரு, பாரு. ஆனா மிஷின் பொய் சொல்லுமா?"

சொல்லாது. அது நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறது.

மார்ச் 14, சனி

திங்கட்கிழமை நான்காவது முறை.

மாதிரிகளை மறுபடி எடுக்க மாதம் ஆகும். முதலில் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நூற்றுப் பத்தொன்பது பேரும் சிவப்பு. சடையப்பன் அண்ணனுக்கு வேலை போகும். எனக்கும்.

இப்படி எழுதினால் அது இரக்கம் மாதிரி இருக்கிறது.

மாலையில் வேன் கிளம்பும்போது அண்ணனிடம், "சாமியாத்தாக்காவும் எல்லாரும் செய்யறதையே செஞ்சுட்டா பிரச்சனை இருக்காதுன்னு தோணுது" என்றேன். பொதுவாகத்தான் சொன்னேன். எதையும் போடச் சொல்லவில்லை.

அண்ணன் ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தார். "சொல்லிடறனுங்" என்றார்.

மார்ச் 16, திங்கள்

47 பச்சை.

நூற்றிருபதுக்கு நூற்றிருபது. சார் எல்லோருக்கும் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 17, செவ்வாய்

சாமியாத்தாள் வந்தார். இந்த முறை தரையில் கால் வைத்து, உள்ளே வந்தார். கையில் ஒரு போசி நிறைய மோர்.

"எடுக்காம உட்ட பாலையெல்லாம் ஒறைக்குத்தி வெச்சேன். கடைஞ்சது. குடிங் அம்மிணி. நீங்கதான் சடையப்பங்கிட்டச் சொல்லி உட்டீங்களாமா."

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். கறிவேப்பிலை, கல்லுப்பு. குடித்தேன். அவர் நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்கு அந்தச் சங்கதி தெரியாமப் போச்சுங். போடாததுதான் தப்புன்னு ஆரு கண்டா? கை கொஞ்சம் கூசுச்சு. பொறவு, படிச்ச புள்ள சொல்லி உட்டிருக்குது, தப்பா இருக்காதுன்னு போட்டுட்டேன்."

நான் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் பேச வேண்டும்.

"செவலையத்தான் அவசரப்பட்டுட்டேன்." முந்தானையால் போசியின் விளிம்பைத் துடைத்தார். "சீக்குன்னு தெரிஞ்சும் மறைச்சு வித்தாப் பாவமில்லீங்களா? சந்தையில அல்லாருகிட்டயும் சொல்லித்தான் வித்தேன். பால் மிசினு சீக்குன்னு சொல்லுது, பாத்து வாங்கிக்கங்கன்னு. சொன்னதும் வளக்கறவங்க ஒருத்தரும் கிட்ட வல்லீங். கேரளா லாரிக்காரந்தான் புடிச்சுட்டுப் போனான்."

கேரளா லாரி எதற்கு அடிமாடு பிடிக்கிறது என்று இந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"இன்னொரு டம்ளர் ஊத்தட்டுங்களா?"

"போதுங்க்கா."

மார்ச் 18, புதன்

குழாய் கழுவும் திரவம் வந்தது.

மார்ச் 20, வெள்ளி

இந்த நோட்டைத் திரும்பப் படித்தேன். ஒரு பொய்கூட இல்லை. எப்படி இத்தனை சுத்தமாக எழுதினேன் என்று ஆச்சரியமாக இருக்கிறது.

பிப்ரவரி பதினான்கு. "சடையப்பன் அண்ணனின் உதவி பெரிது." அதற்குப் பொருள்: ஆறு வீட்டோடு என் பொறுமை தீர்ந்தது. மாடு பால் விடும்வரை நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. காலிப் பாட்டில்களை வேனில் கொடுத்து அனுப்பினேன். மீதி நூற்றுப் பதினான்கையும் அவர் நிறுத்தத்தில், போசியிலிருந்து மொண்டு வந்தார். 47 தவிர எல்லாம் சோடா போட்ட பிறகு. நான் நேராக மடியிலிருந்து பிடித்த அந்த ஆறு வீட்டாரும் அப்புறம் வேனுக்குக் கொண்டு வருவது சோடா போட்டதைத்தான். அதனால் அவர்களுக்கும் பச்சை.

பிப்ரவரி பதினாறு. "எண்களைப் பார்க்க நேரமில்லை." பார்த்தேன். 1, 2, 3, 4, 5, 6. பிறகு 47. முதல் ஆறும் என் கையால் எடுத்தவை என்று அந்த நொடியே தெரிந்தது. பாட்டிலைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டேன், சாணிக் கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது. புள்ளிகள் அழகாக நிற்க வேண்டும் என்று இருந்தது.

உண்மையான பால் ஏழே ஏழுதான் இருந்தது. ஏழையும் நானே எடுத்து வெளியில் போட்டேன்.

மார்ச் இரண்டு. "இருக்கலாங்க்கா." அந்தச் சொல்லைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை. "தெரியாது" என்பதும் தமிழ்ச் சொல்தான். அதைவிட நீளமும் இல்லை.

மார்ச் 21, சனி

திருமூர்த்தி சாரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே.

அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த அம்மா பாலு இப்ப பச்சைதானே வருது?"

"ஆமா சார்."

"அப்ப யாருக்கு இப்ப நஷ்டம்?"

"சோடா போட்ட பால்தான் சார் பச்சை."

"வெயில் காலம் முடிஞ்சா யாரும் போடமாட்டாங்க. தானா சரியாயிடும்."

"அன்னிக்கு எல்லாருக்கும் சிவப்பு வரும் சார். போடாம வந்தா."

இதை அவர் யோசித்திருக்கவில்லை. நானும் அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்த பிறகுதான் யோசித்தேன். மழை பெய்து, காற்றுக் குளிர்ந்து, ஊரே நல்ல பாலைக் கொண்டுவந்து நிற்கும் ஒரு காலையில், திரை முழுக்கச் சிவப்பு.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பு. உன் பேருல. என் பேரு வேண்டாம்."

அனுப்பினேன். மதியம் சடையப்பன் அண்ணனிடமும் சொன்னேன், உங்கள் பெயரை எழுதவில்லை, பாட்டிலை அனுப்பியது நான் என்றுதான் எழுதினேன் என்று. "அதெப்படிங், மொண்டது நானு, என்ற கைதானே" என்றார். பிறகு வேனைக் கழுவப் போய்விட்டார். சத்தமாக, வாளி வாளியாக.

மார்ச் 22, ஞாயிறு

பஸ்ஸில் வேலாங்காடு பிரிவு, ஊருக்கு ரோடு பிரிகிற இடம். இறங்கினால் அவர் வாசல்தான். வேன் சக்கரத் தடம் வாசலிலேயே இருக்கிறது.

கட்டுத்தரையில் இருந்தார். மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "வாங் அம்மிணி, என்ன ஞாயித்துக்கெளம" என்று கட்டிலைக் காட்டினார். உட்காரவில்லை. சொன்னேன். மிஷினுக்குப் பால் எது என்று நான்தான் காட்டினேன் என்பதை. ஊரே சோடா போடுகிற பாலைக் காட்டினேன் என்பதை. உங்கள் பால் மட்டும் பாலாக இருந்ததால் அதற்கு அடையாளம் தெரியவில்லை என்பதை. செவலைக்கு ஒன்றும் இல்லை என்பதை.

அரிவாள் நடுவில் நின்றது. பிறகு மறுபடி அறுத்தார். கட்டு முடியும்வரை அறுத்தார்.

"செவலைக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

"இல்லைங்க்கா."

"அன்னைக்கு இருக்கும்னீங்க."

"எனக்குத் தெரியலைங்க்கா. தெரியலைன்னு சொல்லியிருக்கணும்."

தட்டை மாட்டின்முன் உதறிப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை.

"லாரி நெம்பரு கூட நானு பாக்கலீங்." மாட்டிடம் சொல்வதுபோல் சொன்னார். "கயித்த மட்டும் அவுத்து வாங்கிட்டு வந்தேன். கவுறு நம்முளது, அதக் குடுக்கக் கூடாதும்பாங்க."

கயிறு சுவரில் மாட்டியிருந்தது. நான் அதற்குமுன்பே அதைப் பார்த்திருந்தேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் பஸ் ஏறிப் போகலாம். அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எனக்கு எதிரில் வந்து நின்றார்.

"நாளைக்குத் திங்கக்கெளம. பாட்டலு எடுக்கறது."

"ஆமாங்க்கா."

"சோடாப்பு போடட்டுங்களா, வேண்டாமுங்களா? அத மட்டும் சொல்லுங். இருக்கலாம், பாக்கலாமுன்னு சொல்லாதீங்."

"போடாதீங்க."

"போடாட்டி மிசினு என்ன சொல்லும்?"

"சிவப்புன்னு சொல்லும்."

"நீங்க?"

மார்ச் 23, திங்கள்

47 சிவப்பு. மற்றவர்கள் பச்சை.

சடையப்பன் அண்ணன் கதவோரம் நின்றார். திருமூர்த்தி சாரும் நின்றார். சிவப்பு வந்தால் இந்த வாரம் முழுவதும் பால் எடுக்கக் கூடாது. பலகையில் ஒட்டியது நான்.

"என்னங் மேடம், நாளைக்கு அந்தக்கா பாலை எடுக்கறதா, உடறதா?"

"எடுங்கண்ணா."

"மிசினு வேண்டாங்குது."

"நான் வேணுங்கறேன்."

அண்ணன் சாரைப் பார்த்தார். சார் ஜன்னலைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிகிறது.

அறிவிப்புப் பலகையிலிருந்து விதிமுறையைக் கிழித்தேன். பசை காய்ந்து, பாதி தாள் பலகையிலேயே ஒட்டிக்கொண்டது. மிஷினிலிருந்து நூற்றுப் பதின்மூன்றையும் நீக்கினேன். ஏழைத் திரும்பச் சேர்த்தேன். வெள்ளைத் திரையில் ஏழு புள்ளிகள். மென்பொருள் சொன்னது: மாதிரிகள் போதாது.

தெரியும்.

தலைமை அலுவலகத்திலிருந்து புதன்கிழமை ஆள் வருகிறார்கள். பதிலை நீயே சொல்லிக்கொள் என்றார் சார். அந்தக் கேரளா லாரிக்கு யாரும் என்னிடம் பதில் கேட்கப்போவதில்லை. அவர்கள் கேள்விகளில் அது இருக்காது.

மார்ச் 24, செவ்வாய்

விடியும் முன் வேலாங்காடு. ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. 47-இலிருந்து.

சாமியாத்தாள் என்னை வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. போசியைக் காலிடுக்கில் வைத்து உட்கார்ந்து, மடியை நீவினார். பக்கத்தில் செவலை கட்டியிருந்த முளைக்குச்சி. அதைச் சுற்றி வட்டமாகத் தரை தேய்ந்து, பளபளவென்று இருந்தது. அங்கே நான் நிற்க வேண்டியிருந்தது. வேறு இடமில்லை.

மாடு திரும்பி என்னைப் பார்த்தது. ஒரு சொட்டுகூட விடவில்லை.

"புது ஆளுன்னா அடக்கிக்கும்" என்றார், மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்தபடி. இன்று அவர் பேசியது அது ஒன்றுதான். நில்லுங்கள் என்று சொல்லவில்லை.

ரோட்டில் வேன் வரும் சத்தம் கேட்டது. ஆரன் அடித்தது. எல்லோரும் போசியோடு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். யாரோ என்னைக் காட்டி ஏதோ சொல்ல, சிரிப்புக் கேட்டது.

காலிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடு பார்த்துக்கொண்டே இருந்தது. நின்றேன்.